வியாகுலம் பங்கு

வள்ளத்துக்கு மிசின் வராத காலம். காத்து அடிச்சாப் பாயி, அடிக்கலன்னாத் துடுப்பு. அப்போ இந்தப் புன்னையந்துறையில வியாகுலம்னு ஒருத்தி இருந்தாளாம். வடக்கூர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. ஆளு ஒல்லி, வாயி மட்டும் நீளம். எனக்கு அவளைப் பிடிச்சதே அந்த வாயாலதான். ஏட்டி, சிரிக்காத. வள்ளம் வர இன்னும் நேரங் கிடக்கு, உக்காந்து கேளு.

அவ புருசன் கயித்தான். கடல்ல இறங்குனா ரெண்டாளு வேலை பாப்பானாம். அப்பேர்ப்பட்டவனுக்கு நெஞ்சுல சயரோகம் வந்துட்டு. இருமுனாத் துண்டுல ரத்தம். ஆளு எலும்பும் தோலுமாப் போயிட்டான். டவுன் ஆஸ்பத்திரியில டாக்டரு பாத்தாரு, மாத்திரை குடுத்தாரு. "தாயி, இதை ஒரு நாளும் விடப்புடாது. விட்டா ஆளு தங்க மாட்டான்"னாரு. என்ன மீனு திம்பியன்னு அவரு கேக்கல, இவியளும் சொல்லல. மீனு திங்கிறதைப் போயி யாரு சொல்லுவா? மூச்சு விடுதோம்னு டாக்டர்ட்டச் சொல்லுதோமா?

மாத்திரை கேட்டுச்சு. காய்ச்சல் நின்னுச்சு, ரத்தம் நின்னுச்சு. கயித்தான் எந்திரிச்சு வாசல்ல வந்து கடலைப் பாத்து உக்காந்தானாம். வியாகுலத்துக்குப் போன உசுரு திரும்பி வந்த மாதிரி.

அப்பந்தான் வலையில சூரை மீனு பட ஆரம்பிச்சுது.

கயித்தானுக்கு ஒரு தம்பி, மிக்கேலு. அண்ணன்னா உசுரை விடுவான். அண்ணன் வள்ளத்தை இப்போ அவந்தான் ஓட்டுதான். சூரைக்கு நடுவுல கறுஞ்சிவப்பா ஒரு சதை இருக்கும்லா, ரத்தக்கறி, அதைத் தின்னா ரத்தம் ஊறும்னு நம்ம ஆளுவளுக்கு ஒரு நம்பிக்கை. நல்ல மீனாப் பாத்து எடுத்துட்டு ஓடியாந்தான். "மைனி, அண்ணனுக்கு இந்தச் சதையப் பூராவும் போடுங்க. ஆளு தேறிரும்." அவளும் ஆசையா வச்சுக் குடுத்தா.

தின்னு கை கழுவுனான். செத்த நேரந்தான். மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயிட்டு. கண்ணு சிவந்துட்டு. "ஏட்டி, தலை வெடிக்கி. நெஞ்சு தடதடங்குது"ன்னு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சரிஞ்சுட்டானாம். விடியக்காலத்துல பட்ட மீனு, பகல் பூரா வெயில்ல வள்ளத்துலயே கிடந்தது. அப்போ ஐஸ் ஏது? ஆனா அதே மீனைத்தான் மிக்கேலும் தின்னான், அக்கம்பக்கமும் தின்னுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணுஞ் செய்யல. பெறவு எப்படி மீனைச் சொல்ல முடியும்? மறுக்காவும் சூரை வந்துச்சு, மறுக்காவும் அதே கதி. ஊரு என்ன சொல்லுச்சு? மாத்திரை சூடு, மாத்திரை விசம்.

கயித்தான் பயந்துட்டான். "செத்தாலும் சாவேன், இதை முழுங்க மாட்டேன்"னு மாத்திரையை விட்டுட்டான். விட்டுட்டு சூரை தின்னான். பாத்தா, ஒண்ணுஞ் செய்யல! மிக்கேலு துள்ளுதான். "பாத்தியளா மைனி? நான் சொன்னேன்லா?"

அவன் துள்ளி முடிக்கல, அண்ணன் இருமுனான். துண்டுல பழையபடி ரத்தம்.

அந்த ரத்தத்தைப் பாத்துட்டு வியாகுலம் ஒரு மூலையில உக்காந்துட்டாளாம். அழுதா. பெறவு அழுகையை நிப்பாட்டிட்டு யோசிச்சா. சூரை படுததுக்கு முந்தி இதே மாத்திரையத்தான தின்னாவ, அப்போ நல்லாத்தான இருந்தாவ? மாத்திரையை விட்டுட்டு சூரை தின்னாவ, அப்பவும் ஒண்ணுஞ் செய்யலல்லா? தனித்தனியா ரெண்டும் நல்லதுதான். ஒரு வயித்துக்குள்ள போனாத்தான் சண்டை. அப்போ எதை நிப்பாட்டணும்? சூரை இல்லாம மனுசன் இருப்பான். மாத்திரை இல்லாம இருப்பானா?

புருசன் காலைப் பிடிச்சா. கெஞ்சுனா, ஏசுனா, மாதா மேல ஆணை வச்சா. "சூரை வாசமே இந்த வீட்டுக்குள்ள வராது. மாத்திரையை மட்டும் முழுங்குங்க." முழுங்கிட்டான்.

மறுநாள் வள்ளம் கரை புடிச்சுது. மிக்கேலு முதல் சூரையைத் தூக்கி மைனிக்கு நீட்டுதான். இவ கையைப் பின்னால கட்டிக்கிட்டா. "சூரை வேண்டாம் மிக்கேலு. காரல் மீனு கிடந்தாக் குடு."

முதல் மீனை வேண்டாம்னு சொன்னா வள்ளத்துக்கு ஆகாதுன்னு நினைக்குற ஊரு இது. கரையில நின்னவனெல்லாம் திரும்பிப் பாத்தான். பெறவு ஒருத்தன் சொன்னானாம், "காரல் சாறு புள்ளை பெத்தவளுக்குல்லா குடுப்பாவ. கயித்தானுக்கு என்ன, ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா?" எல்லாவனும் கொல்லுன்னு சிரிச்சானுவ.

"உங்க வீட்டு ஆம்பள ரத்தங் கக்கும்போது இப்படிச் சிரிங்கலே, வந்து பாக்கேன்"னாளாம் இவ. மிக்கேலுக்கு அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "எங்க அண்ணனை வாயக் கட்டிக் கொல்லுதிய மைனி. நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்"னு அந்த மீனை மணல்ல வீசிட்டுப் போயிட்டான்.

காரல் சாறும் கஞ்சியுமா நாளு போச்சு. ரத்தம் நின்னுச்சு. மூஞ்சி சிவக்கல, தலை வலிக்கல. ஆனா மிக்கேலுக்கு அதெல்லாம் கண்ணுல படல. அண்ணன் கன்னம் ஒட்டிக் கிடக்கதுதான் பட்டுச்சு. ஒரு நாள் மத்தியானம் வியாகுலம் ஊத்துக்குத் தண்ணி கோரப் போனா. இவன் தூக்குச்சட்டியில சூரைக் குழம்பை மறைச்சுக் கொண்டாந்துட்டான். கயித்தானுக்கும் நாக்கு செத்துக் கிடந்துச்சு. பாவம், சட்டியை வழிச்சுத் தின்னுட்டான்.

இவ குடத்தோட உள்ள வாறா. புருசன் தரையில கிடக்கான். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாச் சிவந்து, மூச்சுக்கு இழுக்கான். மிக்கேலு தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். குடம் அவ கையவிட்டு விழுந்து உடைஞ்சுது.

டவுனுக்கு மணல்ல வண்டி நகராது. வள்ளத்துலதான் போவணும். காத்தோ எதுத்த காத்து. வள்ளத்து ஆளுவ துடுப்புப் போடுதாவ. வியாகுலம் மடியில புருசன் தலை. மாத்திரைச் சீசாவை டாக்டர்ட்டக் காட்டணும்னு முந்தியில முடிஞ்சு வச்சிருந்தா. மிக்கேலு அதைப் பாத்தான். வெறி புடிச்சவன் மாதிரிப் பாஞ்சு பிடுங்கிட்டான். "இந்த விசந்தான! இந்த விசந்தான எங்க அண்ணனைத் திங்குது!" கடலைப் பாத்துக் கையை ஓங்கிட்டான்.

அவளால எந்திரிக்க முடியல. எந்திரிச்சாப் புருசன் தலை பலகையில அடிபடும். உக்காந்த வாக்குல சொன்னாளாம்:

"போடு. அதைப் போட்டுட்டு உங்க அண்ணனையும் சேத்துத் தூக்கிப் போடு. அதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லு மிக்கேலு. இம்புட்டு நாளும் இந்த மாத்திரையத்தான தின்னாவ? மூஞ்சி சிவந்துச்சா? மூச்சு முட்டுச்சா? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு? என் கண்ணைப் பாத்துச் சொல்லு. இன்னைக்கு என்ன குடுத்த?"

ஓங்குன கை அப்படியே நின்னுச்சாம்.

"சூரை, மைனி."

சொல்லிட்டு ஓன்னு அழுதானாம், அவ்வளவு பெரிய ஆம்பள. சீசாவை அவ கையில வச்சான். பக்கத்துல இருந்தவன் துடுப்பைப் பிடுங்கித் தானே வலிச்சான். கை தோலு உரிஞ்சு துடுப்பெல்லாம் ரத்தம், அப்பவும் விடலியாம். எங்க ஐயா அந்த வள்ளத்துலதான் இருந்தாவ, கண்ணாலப் பாத்தாவ.

டாக்டரு ஊசி போட்டாரு. மூச்சு திரும்புச்சு. நடந்ததை வியாகுலம் ஒண்ணு விடாமச் சொன்னா. "இந்த மாத்திரை திங்குறவனுக்கு இந்த மீனு சேராதும்மா. வெயில்ல கிடந்ததுன்னா இன்னும் மோசம். மீனை விட்ட, மாத்திரையை விடல பாரு, அதாலதான் இன்னைக்கு இவன் உனக்கு மிஞ்சுனான்"னாரு.

மிஞ்சுனான். மாத்திரையை முழுசாத் தின்னு முடிச்சான். திரும்பக் கடலுக்குப் போனான், புள்ளைய பெத்தான்.

அதுலேர்ந்துதான் நம்ம துறையில இந்தப் பழக்கம். சூரை வள்ளம் கரை புடிச்சா, கறிக்கு மீனு குடுக்க முந்தி வள்ளக்காரன் "வீட்டுல மாத்திரை உண்டா?"ன்னு கேட்டுத்தான் குடுப்பான். உண்டுன்னு சொன்னா, சூரையை எடுத்துட்டு வேற மீனு போடுவான். அதுக்குப் பேருதான் வியாகுலம் பங்கு. எல்லா மாத்திரைக்கும் சூரை ஆகாதுன்னு இல்லட்டி. எதுக்கு எது ஆகாதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாக்டர்ட்டக் கேட்டுட்டு வந்து சூரையை வாங்கிக்கோ. அது வரைக்கும் இந்தப் பங்கு உனக்கு உண்டு.

முதல்ல கேக்க ஆரம்பிச்சது மிக்கேலுதான். அண்ணன் மாத்திரையெல்லாம் முடிஞ்சு, தலை நரைச்சு, பேரன் பேத்தி எடுத்த பெறவும், வியாகுலம் கரைக்கு வந்தாக் கேப்பானாம், "மைனி, வீட்டுல மாத்திரை உண்டா?"

அவ சிரிப்பாளாம். "அதெல்லாம் முடிஞ்சு எத்தனை வருசமாச்சு மிக்கேலு? இன்னும் என்னப்பா கேள்வி?"

"உங்களைக் கேக்காமக் குடுத்தது ஒரு வாட்டி போதும் மைனி"ன்னுட்டு, அவ பதில் சொல்லுத வரைக்கும் மீனைக் கையிலயே வச்சுக்கிட்டு நிப்பானாம்.