மாங்கா உடைச்சிக் குடுங்க

விளையாட்டுச் சாமானாக இருந்தாலும் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெட்டியின் மேல் உள்ள படத்தை நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஈப்போவில் அந்தச் சிவப்புக் காரை எடுத்தபோது, பேட்டரி போட்டுக் காட்டச் சொல்லிக் கடைக்காரப் பெண்ணிடம் பிடிவாதமாக நின்றேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கார். ரிமோட் அதைவிடப் பெரியது. கடையின் சிமெண்ட் தரையில் அது சர்ரென்று ஓடி என் செருப்பில் முட்டி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் புவான், நீங்களும் தமிழ் என்பதால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்தாமல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். நிறுத்தியதற்குக் காரணம் கோகிலன். அவன் பிறந்து எட்டாம் மாதத்தில் அம்மா போய்விட்டார். அப்பா விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போய்விடுவார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் சோறு வடித்தேன், துணி துவைத்தேன். பெற்றவள்தான் அம்மா என்று சட்டத்தில் இருக்கலாம்.

அவனைவிட நான் பதினைந்து வயது மூத்தவள். ஆனாலும் என்னை அவன் வா, போ, நீ என்றுதான் பேசுவான். எங்கள் வீட்டு வரிசையில் உள்ள மற்ற அக்காமார்களுக்கெல்லாம் வாங்க, போங்க. எனக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. சொந்தம் என்றால் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

பத்து காஜா பக்கம் அப்பா வேலை செய்த தோட்டத்தை விற்றபோது, தொழிலாளிகளுக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. முன்னால் சின்னப் போர்ச், இரும்பு கிரில், கூடம், கூடத்தைப் பார்த்த மாதிரி கோகிலனின் அறை. அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். நான் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக ஓட்டை பார்க்கிறேன். கையுறையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பார்ப்போம். ஒரு சொட்டு கசிந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். என் கண்ணில் தப்பியது என்று இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

கோகிலன் ஒரு சீனர் நடத்திய இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தான். மலாயில் பூட்டுக்கும் மங்கா, மாம்பழத்துக்கும் மங்கா. கடைப் பேச்சு அவன் வாயில் மாங்கா ஆகி வீட்டுக்கு வந்துவிட்டது. "மாங்கா போட்டியாக்கா?" என்று கேட்டால், கிரில்லைப் பூட்டினாயா என்று அர்த்தம். எங்கள் இருவருக்குள் இருந்த பேச்சு அது. வெளியாருக்குப் புரியாது.

மூன்று வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வாரத்துக்கு ஒருமுறை தினேஸ்வரி என்ற பெண் வீட்டுக்கு வந்து கால்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். நல்ல பெண்தான். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் தாங்களாகவே வாழக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று சிலாங்கூரில் இருக்கிறதாம், அங்கே ஆறு மாதம் இருந்தால் வேலைக்கே போகலாமாம். சொல்லிக்கொண்டே வந்தவள், பிறகு அவனைக் கல்யாணம் செய்துகொள்வதைப் பற்றியும் பேச ஆரம்பித்தாள். இரண்டு பேரும் என் முன்னாலேயே பேசினார்கள். நான் அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

தினேஸ்வரியிடம், தம்பியை ஜொகூரில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், இனி வர வேண்டாம் என்று சொன்னேன். தம்பியிடம், அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொன்னேன். இரண்டும் பொய். ஆனால் இரண்டு பேருக்கும் மனசு அமைதியானது. அவன் கைப்பேசி பழுதாகிவிட்டது என்று எடுத்துப் போனேன். அது என் தொழிற்சாலை லாக்கரில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியும் அங்கங்கே இடித்துக்கொண்டிருந்ததால் பின்கட்டில் மடக்கி வைத்தேன்.

ஒருநாள் நான் வேலையில் இருந்தபோது, முழங்கையால் தவழ்ந்து முன் கிரில் வரை வந்துவிட்டான். இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்து ரத்தம். அன்று நான் அழுத அழுகை அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். மறுவாரமே அவன் அறை வாசலுக்கும் ஒரு கிரில் போட்டு மாங்கா மாட்டினேன். கிரில் போட வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தெரியும்.

பக்கத்து வீட்டுப் புஷ்பலதா அக்காவிடம், விபத்தில் தலையிலும் அடி, அவன் எதையாவது சொல்லிக் கத்துவான், கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். அவர் நல்ல மனுஷி. கண்டுகொள்ளவில்லை.

இந்த வீட்டில் அடைந்து கிடந்தது அவன் மட்டும் என்று நினைக்காதீர்கள். எனக்கும் இரண்டு இடத்தில் பெண் கேட்டார்கள். நான் எங்கே போனேன்? வேலை, வீடு, அவனைத் துடைப்பது, புரட்டிப் போடுவது. சாவி என் கழுத்தில் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அதற்காகத்தான் பிறந்தநாளுக்குக் கார் வாங்கினேன். கட்டிலில் அவனைச் சாய்த்து உட்கார வைத்து ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானே ஓட்டிக் காட்டினேன். இடப் பக்கக் குச்சி முன்னே பின்னே, வலப் பக்கக் குச்சி திருப்ப. காரின் கூரையில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு முறுக்கைக் கட்டி அனுப்பினேன். அது ஆடி ஆடிக் கட்டில் காலில் போய் முட்டியதும் அவன் சிரித்தான். பத்து மாதத்துக்குப் பிறகு சிரித்தான், புவான்.

"குடு, நான் ஓட்டுறேன்," என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். அவன் அறை கிரில்லுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி. கார் அதில் நுழைந்து கூடத்தைக் கடந்து, முன் கிரில்லுக்குக் கீழேயும் போய், போர்ச்சில் இறங்கியது. நான் பின்னாலேயே நடந்து போய் அது எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். என் தொழில் அது. கேட்டுக்கு இரண்டு அடி முன்னால் சிக்னல் விட்டுப் போய்க் கார் நின்றுவிட்டது. ஐந்து முறை பார்த்தேன். ஐந்து முறையும் அங்கேயே நின்றது. எனக்குத் திருப்தி.

ஒரு தவறு செய்துவிட்டேன். கடைக்காரி சோதித்துக் காட்டப் போட்ட பழைய பேட்டரியோடுதான் ரிமோட்டைக் கொடுத்திருந்தாள். பிறகு ஒருநாள் அவன் அறையில் இருந்த டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அதில் புதுப் பேட்டரி போட்டிருந்தேன். பத்தொன்பது வருடம் ஓட்டை பார்த்தவள், அவன் பேட்டரியை மாற்றிக்கொண்டதையும், இனி கார் கேட்டைத் தாண்டும் என்பதையும் கவனித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவனுக்குக் காய்ச்சல். முதுகில் படுக்கைப் புண் இருந்தது. நான் தினமும் மருந்து போடுவேன், ஆனால் அது உள்ளே குழி விழுந்து வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக்கா," என்றான். கொண்டு போனால் அங்கே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நாற்காலி எங்கே, பயிற்சிக்கு ஏன் வரவில்லை, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. பிறகு அவனை என்னிடம் திருப்பித் தரமாட்டார்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தேன். புஷ்பலதா அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு கேட்டருகே நின்றார்.

"என்னலா குமுதா, ஒந் தம்பிக்கு மசக்கையா?" என்று சிரித்தார். "காலைல வாசல் கூட்டுறேன், கால்கிட்ட ஒரு சின்ன காடி வந்து முட்டுது. அதுல ஒரு சீட்டு. எவ்ளோ அழகா எழுதியிருக்கான் பாரு."

மாத்திரை அட்டையைக் கிழித்து எழுதியிருந்தான். 'அக்கா, மாங்கா உடைச்சிக் குடுங்க. அவசரம்.'

"நான் காடிய திருப்பி விட்டேன், சமத்தா வூட்டுக்குள்ள போய்ட்டான். உள்ள இருந்து, 'உடைங்கக்கா, உடைங்கக்கா'ன்னு ஒரே கத்து. சரி தம்பி, உடைச்சித் தாரேன்னு சொல்லிட்டு, நம்ம மரத்துலேருந்து ரெண்டு பறிச்சி அம்மிக் கல்லுல உடைச்சி, உப்பு மொளகா போட்டு வச்சிருக்கேன். கேட்டு பூட்டியிருந்துச்சி, அதான் நீ வர்ற வரைக்கும் வச்சிருந்தேன்."

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். காலையிலிருந்து அவன் என்ன சத்தத்துக்காகக் காது கொடுத்துப் படுத்திருந்தான் என்பது மட்டும் மனசில் ஓடியது.

மாங்காயைத் தட்டில் போட்டு அவன் பக்கத்தில் வைத்தேன். "இந்தா, நீ கேட்ட மாங்கா," என்றேன். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. என்னிடம் கேட்க வேண்டியதை ஊரிடம் போய்க் கேட்டிருக்கிறான். மாங்காயை நானே சாப்பிட்டேன். நல்ல புளிப்பு.

காரை நான் பிடுங்கி வைக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது.

வெள்ளிக்கிழமை காலை அவன் உடம்பு அனலாகக் கொதித்தது. பேச்சு குழறியது. வழக்கம்போல ஆறரைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லி, அறை மாங்காவைப் போட்டேன். முன் கிரில்லைத் திறந்து மூடிய சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். ஆனால் நான் போகவில்லை. அன்று லீவு சொல்லியிருந்தேன். பழைய அலமாரிப் பலகை ஒன்றை முன் கிரில்லின் அடியில் வைத்து இடைவெளியை அடைத்தேன். பிறகு கூடத்தில் அவன் பார்வை படாத ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்குப் புஷ்பலதா அக்காவின் துடைப்பச் சத்தம் கேட்டது. கார் கிளம்பியது. வளைந்து வளைந்து வந்து பலகையில் முட்டியது. பின்னால் போய் மறுபடி முட்டியது. கையை மட்டும் நீட்டிச் சீட்டை எடுத்தேன். கட்டிலிலிருந்து, "அக்கா," என்று மெதுவாகக் கூப்பிட்டான். கையைப் பார்த்திருப்பான். 'மாங்கா இல்லக்கா, பூட்டு. பூட்ட ஒடைங்க,' என்று எழுதியிருந்தது. எழுத்து கோணலாகியிருந்தது. நான் காரைத் திருப்பிவிட்டேன். அது கட்டிலை நோக்கிப் போனது.

பத்தரைக்கு மறுபடி வந்தது. 'காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க.' அதையும் எடுத்துக்கொண்டு காரைத் திருப்பி விட்டேன்.

என் கைப்பேசி மடியில்தான் இருந்தது. சாவி கழுத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி காரில் இருபது நிமிடம். இதையெல்லாம் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எழுந்து போக வேண்டும் என்று ஒருமுறை தோன்றியது. போனால் அவன் பிழைப்பான், பிழைத்தால் போய்விடுவான். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கடைசியாக வந்தது. பலகையில் முட்டிய பிறகு பின்னால் போகவில்லை. முட்டியபடியே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ரிமோட் குச்சியில் அவன் விரல் அப்படியே இருந்திருக்கும். நான் சீட்டை எடுத்துப் படித்தேன். கிர்ரென்ற அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு இழுத்து இழுத்துக் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும்.

நான் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வரும் நேரம் அதுதான். பிறகு மாங்காவைத் திறந்து, "வந்துட்டேன்டா," என்று சொல்லி உள்ளே போனேன். ரிமோட் அவன் நெஞ்சின் மேல் கிடந்தது. விரலை எடுத்துவிட்டேன். உடம்பைத் துடைத்து, வேட்டி மாற்றி, விளக்கேற்றிவிட்டுத்தான் உங்களுக்கு போன் செய்தேன். அவனைக் கொன்றது நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை.

நீங்கள் அந்தக் கடைசிச் சீட்டைக் காட்டி, இது பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுதியதுதானே என்று கேட்டீர்கள். அது அப்படி இல்லை, புவான். 'அக்கா, பயமா இருக்கு. வாங்க,' என்று எழுதியிருக்கிறான். பயந்தால் அவன் சின்ன வயதிலிருந்தே என்னைத்தான் கூப்பிடுவான். வா, போ என்றே பேசிப் பழகிய என் தம்பி, முப்பத்து மூன்று வருடத்தில் அன்றுதான் எனக்கு மரியாதை கொடுத்து எழுதியிருக்கிறான்.