ஏழரை அடி நாடா

உங்கள் ரசிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் போடும் நாற்காலிக்குக் கை உண்டு. மற்றவர்களுக்கெல்லாம் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி. முதுகுவலிக்காரனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். வயதான பிறகு மனிதனுக்குக் கையூன்றி உட்கார ஓர் இடம் வேண்டும்.

செயலாளர் அவர்களே, நீங்கள் தொழிலில் பல் டாக்டர். பழைய பல்லில் புது அடைப்பு உங்கள் கண்ணுக்குத் தப்பாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். "நாற்பது வருஷத்து டேப்புல ஒட்டு மட்டும் எப்படி சார் புதுசா இருக்கு?" என்று போன திங்கட்கிழமை கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் கொண்டாடும் பாட்டு பதிவான ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் ஒலிநாடா வெட்டுபவனாக இருந்தேன். பாட்டு தொடங்கும் முன் மைக்குக்கு முன்னால் பேசுவார்கள், இருமுவார்கள், யாரையாவது திட்டுவார்கள். அதையெல்லாம் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, பாட்டை மட்டும் ஒட்டித் தர வேண்டும். வெட்டியதைக் குப்பையில் போட வேண்டும் என்பது விதி. நான் போடவில்லை. சுவரில் ஆணியடித்து, ஒவ்வொன்றிலும் துண்டுச்சீட்டு ஒட்டித் தொங்கவிட்டேன். கூடத்தில் என்னை 'பிளேடு' என்றுதான் கூப்பிடுவார்கள். என் கையில் இருந்த பிளேடுக்காகத்தான் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். என் பேச்சுக்காகவும் என்று பிறகு தெரிந்தது.

'தாழ்ப்பாள் போடாதே' பாட்டு பதிவான அன்று அறையில் இருந்தவர்களில் இன்று பேசும் நிலையில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஒலிப்பதிவாளர் போய்விட்டார். டிரம்ஸ் வாசித்தவருக்குக் காது போய்விட்டது. பாடகரோ, யார் கேட்டாலும் "நீங்க என்ன நெனைக்கிறீங்களோ, அதுதான்" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். அந்த இசைக்குழுவின் வழக்கப்படி எல்லாப் பாட்டும் குழுவின் பெயரில்தான் வெளிவரும். யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று இசைத்தட்டில் ஒரு வரி கிடையாது. ஆக, அந்தக் கதவு யாருடையது, வெளியே நின்று கெஞ்சுவது யார் என்று நீங்கள் வருடா வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பதிலோடு கட்சி கட்டினீர்கள்.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. நாய்க் கட்சியின் தலைவரான ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், இரண்டாவது சரணத்தில் வரும் பிறாண்டல் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டி, "கேளுங்கய்யா, இது கதவைப் பிறாண்டுற நாய். பாடகர் வளர்த்துச் செத்த நாயோட ஆத்மா" என்று அடித்துச் சொல்வார். அது அன்று பதிவு அறையில் கிடந்த என் நாற்காலி. எழுந்தால் அப்படித்தான் சத்தம் போடும். சிறுநீர் கழிக்கப் போனேன். கப்பல் கட்சிக்குப் பூகோள ஆசிரியர் தலைவர். பாடகரின் அண்ணன் கப்பலேறிப் போன மாதத்தில் கடல் ஏறி இறங்கிய நேரத்துக்கெல்லாம் ஓதப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார். கதவைச் சாத்தியது மாமியார் என்று சொல்லும் மாமியார் கட்சியில் மூன்றே பேர். ஆனால் முப்பது பேரின் சத்தம். மூவருக்கும் கல்யாணமாகிவிட்டது என்பதுதான் அவர்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

இந்தச் சண்டைக்கு நடுவில், கை வைத்த நாற்காலியில், நேரில் கண்ட சாட்சியாக நான். வருடத்துக்கு ஒரு தகவல் கொடுப்பேன், அதற்கு மேல் கிடையாது. ஒரு வருடம், "பாடகர் அன்னைக்குக் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்" என்றேன். நாய்க் கட்சியில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். அடுத்த வருடம், "பாடறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சார்" என்றேன். பூகோள ஆசிரியர் மேசைமேல் ஏறி நின்று, "தண்ணி! கேட்டீங்களா, தண்ணி!" என்று கத்தினார். இரண்டும் உண்மை. நான் பொய் சொல்லும் வழக்கமில்லாதவன்.

இரண்டு வருடத்துக்கு முன் பெட்டி என் வீட்டுக்கு வந்தார். குழுவில் கீபோர்டு வாசித்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் பெட்டி. இந்தப் பாட்டு பதிவான கையோடு குழுவை விட்டு விலகி, லிஃப்ட் மெக்கானிக்காகப் போனவர். வந்தவர் முதலில் எங்கள் கட்டிடத்து லிஃப்டைத் திட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"என்னை ஞாபகம் இருக்காண்ணே?"

"பெட்டிதானே நீ. முடியெல்லாம் எங்கடா?"

"உங்க பல்லு போன எடத்துக்குத்தான்" என்றார்.

சிரித்தோம். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

கல்யாணமான புதிதில் ஒத்திகை, ஒத்திகை என்று அலைந்திருக்கிறார். மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ், இப்போது தலைமை நர்ஸ். ஒருநாள் சண்டையில், "இனிமே லேட்டா வந்தா தாழ்ப்பாள்தான். வாசல்லயே படுத்துக்கோங்க" என்றிருக்கிறார். சொன்னபடி போட்டும்விட்டார். வாசற்படியில் உட்கார்ந்து பெட்டி எழுதியதுதான் அந்தப் பாட்டு. பதிவு முடிந்ததும் மனைவிக்காகக் குழுவையும் விட்டுவிட்டார்.

"நான் வாசிக்கறதை விட்டது அவளாலதான்னு அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் மனசு உறுத்தல்ணே. 'ஒரே ஒரு பாட்டு பண்ணேன், அதுவும் உனக்குத்தான், எனக்கு அது போதும்'னு சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். நம்பிட்டுத்தான் இருந்தா. இப்ப பேத்தி போன்ல காட்டறா. நாய்க்காம், கப்பலுக்காம். 'என்னை நல்லாத்தான் ஏமாத்தியிருக்கீங்க'ன்னு சிரிச்சா. சிரிச்சா சரி. நாலு நாளா எங்கூடப் பேசல."

"அதுக்கு நான் என்னப்பா பண்ணணும்?"

"அன்னைக்கு அந்த ரூம்ல சொன்னேன்ல, நீங்க இருந்தீங்கல்ல. கூட்டத்துல சொல்லுங்க. அது வேண்டாம்னா அவகிட்ட மட்டுமாவது சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்ணே."

சொன்னார்தான். நான் இருந்தேன்தான். அந்தத் துண்டு நாடாவும் என் பரணில் பத்திரமாக இருந்தது. "வார்த்தை எதுக்கு? உன் குரலையே கொண்டுவந்து போடறேன். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா" என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளங்கையில் கிரீஸ் வாசனை.

அவர் போன பிறகு நிதானமாக யோசித்தேன். ஆத்திரத்தில் எதையும் செய்பவன் அல்ல நான். நாடாவைப் போட்டால் என்ன நடக்கும்? எல்லோரும் கைதட்டுவீர்கள். வங்கி மேலாளர் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். பூகோள ஆசிரியர் ஓதப் பட்டியலை எடைக்குப் போடுவார். மாமியார் கட்சி மட்டும் கொஞ்ச நாள் முனகும். அடுத்த வருடம் கூட்டத்துக்கு எதற்குக் கூடுவீர்கள்? விடை தெரிந்த விடுகதைக்கு மண்டபம் பிடிப்பாரா யாராவது? நூற்றிருபது பேரின் சந்தோஷம் ஒரு பக்கம். ஒரு வீட்டில் நாலு நாள் பேச்சில்லாதது இன்னொரு பக்கம். நான் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பிரசவ வார்டில் தலைமை நர்ஸுக்குத் தெரிந்த செய்தி எத்தனை நாள் உள்ளேயே கிடக்கும், டாக்டர்?

நாடாவில் இருந்தது இதுதான். ஒலிப்பதிவாளர் கேட்கிறார்: "இது நீ எழுதின பாட்டாப்பா?" பெட்டி சொல்கிறார்: "ஆமா சார். வீட்ல இருக்கறவளுக்காக எழுதினது." மறுபடி ஒலிப்பதிவாளர்: "ஹெட்போன் இறுக்குதா?" பெட்டி: "இல்ல சார்."

முதல் கேள்வியின் முடிவில் ஒரு வெட்டு, கடைசிப் பதிலின் தொடக்கத்தில் ஒரு வெட்டு. சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் 'டக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் மெஷினில் விநாடிக்கு ஒன்றேகால் அடி ஓடும். நான் எடுத்தது ஆறு விநாடி. ஏழரை அடி. ஏழரை என்றதும் சிரிக்காதீர்கள், கணக்கு அப்படித்தான் வந்தது. இரண்டு நுனியையும் சேர்த்து ஒட்டினேன். பழைய ஒட்டுநாடா காய்ந்து போயிருந்ததால் புதிதாக வாங்கினேன். அது ஒன்றுதான் நான் செய்த தவறு.

கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் பெட்டி, சவரம் செய்த முகத்தோடு. பக்கத்தில் லீவு போட்டுவிட்டு வந்த மனைவி. நான் மெஷினை ஓட்டினேன். "இது நீ எழுதின பாட்டாப்பா?" "இல்ல சார்."

அந்த அம்மாள் மெஷினைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். பெட்டி எழுந்து, "இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றார். போட்டேன். "நான் அப்படிச் சொல்லலயே" என்றார். மூன்றாம் முறை அவர் கேட்காமல் நானே போட்டேன். அவர் மெல்ல உட்கார்ந்து, "என் குரல்தான்... சொல்லியிருக்கேன் போலிருக்கே" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "தாத்தா, நீங்க லிஃப்டைப் பார்த்தாப் போதும், மேல ஏறப் பார்க்காதீங்க" என்றார். நல்ல சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள், டாக்டர்.

நாடாவைக் கண்ணாடிப் பேழையில் வைத்தீர்கள். யாரும் தொடக்கூடாது, தூசு படக்கூடாது என்று தீர்மானம் போட்டீர்கள். பிரதியை மட்டும் ஊரெல்லாம் கேட்டது. பக்திமான்களிடம் இது ஒரு வசதி. கும்பிடுவார்களே தவிரத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். ஒட்டு தானாக விட்டுப்போய் நீங்கள் பேழையைத் திறக்க இரண்டு வருடம் ஆயிற்று. இடையில் சங்கம் எப்படி வளர்ந்தது பாருங்கள். 'பெட்டி இல்லையென்றால் யார்' என்று இரண்டு புதுக் கட்சிகள். ஒன்று ஒலிப்பதிவாளரைச் சொல்கிறது. மற்றொன்று என்னைச் சந்தேகிக்கிறது. நான் மறுக்கவில்லை. சந்தேகிப்பது அவரவர் உரிமை.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் அந்த அம்மாள் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவர் எங்கிட்ட இத்தனை வருஷமாப் பொய்யா சொன்னாரு? இல்ல, இவருக்கு நெனப்பு தப்புதா?"

வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியம் அந்தப் படியில்தான் நடந்தது. ஒரு மனிதன் பொய்யனாக இருப்பதைவிட நோயாளியாக இருப்பது மரியாதை. "நெனப்புதாம்மா. என் வீட்டுக்கு வந்தப்பவே கவனிச்சேன். சொன்னதையே சொல்லிட்டிருந்தான். நல்ல டாக்டராப் பாருங்க" என்றேன்.

அவருக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப வேணும்னு சொல்லலல்ல, அதுபோதும்ணே" என்றார். ஒரு குடும்பம் பிழைத்தது.

அந்த அம்மாள் பெட்டியை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். "அந்தப் பாட்டை யார் எழுதினது?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். பெட்டி முதல்முறை "நான்" என்றிருக்கிறார், அடுத்த முறை "தெரியல" என்றிருக்கிறார். மாத்திரை எழுதினார்கள். தூக்க மாத்திரையும் சேர்த்து. மனைவியே வேளை தவறாமல் கொடுத்தார். தலைமை நர்ஸ் அல்லவா. மூன்று மாதத்தில் கை நடுங்கத் தொடங்கியது, லிஃப்ட் வேலை போயிற்று. ஆறாவது மாதம் அவர் ஒருநாள் தெருவில் வழிதெரியாமல் நின்றார். அது மாத்திரை மயக்கமாக இருக்கலாம். போன வருடம் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். ஜன்னலோரக் கட்டில், சுத்தமான இடம்.

அந்த ஏழரை அடியைக் கேட்டீர்கள். பால்கனியில் காக்கையை விரட்டக் கட்டியிருக்கிறேன். வெயிலில் நன்றாக மின்னியது. இரண்டு கோடையில் மேல்பூச்சு உதிர்ந்து இப்போது வெறும் பிளாஸ்டிக்காகத் தெரிகிறது. அதில் இனி யார் குரலும் இல்லை.

அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். கணவர் சொன்னது அத்தனையும் நிஜம், நன்றாக இருந்தவருக்குத்தான் தன் கையால் மாத்திரை கொடுத்தோம் என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா? எனக்கு அவ்வளவு கல்மனசு இல்லை. உங்களுக்கு இருந்தால் இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்டியது நான், ஒட்டியது நான், படியில் சொன்னதும் நான்.

பெட்டியை நான் கைவிட்டுவிட்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறேன். விரல்கள் போர்வைமேல் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டே இருக்கும். "இது யார் பாட்டுண்ணே?" என்று கேட்பார். நான் வாரம் ஒரு கதை சொல்வேன். ஒரு வாரம் கப்பல், ஒரு வாரம் மாமியார். போன வாரம் நாய். கதவுக்கு வெளியே அது மழையில் நின்றதையும், பிறாண்டிப் பிறாண்டி நகம் தேய்ந்ததையும் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். பெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதினவன் நல்ல மனுஷனா இருக்கணும்ணே" என்றார்.

இத்தனை வருடத்தில் என்னை இவ்வளவு மனதாரப் பாராட்டியவர் வேறு யாருமில்லை.