கைத்த எண்ணெய்

கார்ல்ஸ்ரூஹே நகர டிராமில் எனக்கு முன் இருக்கையில் எங்கள் ஆட்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணெய் கைக்குது எண்டு சொன்னதுக்கு வேலை போயிட்டுது, அண்ணை" என்றான் இளையவன். நான் பத்திரிகையை மடித்துவிட்டுக் காது கொடுத்தேன்.

"ஆரின்ர எண்ணெய்?"

"எங்கட சாப்பாட்டுக்கடை இத்தாலிக்கார முதலாளியின்ர தகப்பன்ர தோட்டத்து ஒலிவ் எண்ணெய். சாப்பிட வந்த சனத்துக்கு ருசி பாத்து வாங்கச் சொல்லிக் குடுத்தவர். குசினிக்குள்ள கோப்பை கழுவிக்கொண்டு நிண்ட என்னையும் கூப்பிட்டு, பாண் துண்டில தோச்சுத் தந்தார். கைச்சுது, தொண்டையும் எரிஞ்சுது. சனத்துக்கு முன்னால, இந்த நாட்டுப் பாஷையில 'கபுட்', பழுதாப் போச்சு எண்டு சொல்லிப்போட்டன். சனம் வாங்காமல் போத்திலை வச்சிட்டுப் போயிட்டுது."

"அட விசரா! ஒலிவ் எண்ணெய் கைச்சாத்தான் திறமாம்."

"முதலாளி கத்தேக்கைதான் அறிஞ்சன். எங்கட நல்லெண்ணெய் கைச்சா வெளியில ஊத்திறதுதானே?"

"வேலையில்லாமல் உன்ர மனுசியை இஞ்ச கூப்பிடவும் ஏலாதே. அவவுக்குச் சொல்லிட்டியோ?"

"ஓம், விசாவுக்காக அவ நிக்கிற கொழும்பு லொட்ஜுக்குப் போன் எடுத்தனான்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "'எண்ணெய்க்காக ஆரும் வேலையால நிப்பாட்டுவினமோ? உண்மையைச் சொல்லுங்கோ, குடிச்சிட்டுப் போனனீங்களோ' எண்டு கேட்டு அழுகிறா."