எழில்மொழியின் கணக்கில்

இந்த மின்விசிறி ரொம்பச் சத்தம் போடுகிறது. நிறுத்திவிட்டால் நிதானமாகப் பேசலாம், இன்ஸ்பெக்டர். வெகுகாலமாக மருத்துவமனை சர்வர் அறையின் ஏசியில் இருந்தவன் நான். பரவாயில்லை, வியர்வையைப் பொறுத்துக்கொள்கிறேன்.

அந்த ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கு நான் எழுதிய கட்டளைகள், என் மேஜையிலிருந்துதான் ஓடியது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. எழில்மொழியைச் சிறையில் வைத்ததற்குப் பதில் கணினி முன்னால் உட்கார வைத்திருந்தால் ஒரே மத்தியானத்தில் சொல்லியிருப்பாள்.

அவள் எனக்குக் கீழே வேலைக்கு வந்தவள். நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமம். என் தாத்தா காலத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் எங்கள் மாதிரிக் குடும்பங்களின் வயலில்தான் நாற்று நட்டிருப்பார்கள். அதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த அளவு நாகரிகம் எனக்கு உண்டு. நோயாளிகளின் விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து அவளிடம் நிர்வாகம் கொடுத்தபோது, முதலில் கை தட்டியவனும் நான்தான்.

ஆனால் நிர்வாகத்துக்குப் புத்தி வர வேண்டியிருந்தது. எந்த ஊழியரின் கணக்கிலும், அவருடைய பாஸ்வேர்டு இல்லாமலே, ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட எனக்கு அதிகாரம் உண்டு. அவரே செய்ததாக சர்வர் தன் லாக்கில் பதிந்துகொள்ளும். எழில்மொழி சாப்பிடப் போன நேரம் அவள் கணக்கில் ஒன்றை ஓடவிட்டேன். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்த கட்டங்களை அது காலியாக்கியது. நகல் என்னிடம் பத்திரமாக இருந்தது. பெரிய கூச்சல் எழுந்ததும் நான் மீட்டுக்கொடுப்பேன். அவள் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவ்வளவுதான் திட்டம்.

அந்த நேரம் பார்த்து அம்மாபேட்டை பக்கமிருந்து செவ்வந்தி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நடவு வயலில் கண்ணாடி குத்திய கால் சீழ் பிடித்து, ஜுரத்தில் நினைவில்லை. சிஸ்டர் ஞானாம்பாள் எனக்குப் போன் செய்தார்.

"சந்தானகிருஷ்ணன் சார், இந்தம்மாவுக்கு முன்னாடி ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சாம். எந்த ஊசின்னு வீட்டுக்காரருக்குத் தெரியலை. கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்குங்கிறாரு. இங்க காலியா இருக்கு. சர்வர்ல ஏதாவது பிரச்சினையா?"

பின்னால் கணவன் சாமிதுரையின் குரல் கேட்டது. "நல்லாப் பாருங்கம்மா. போன தடவ இங்கதான் ஏத்துனாங்க."

மீட்க ஒரு வரி தட்டினால் போதும். ஆனால் அப்போது மீட்டிருந்தால் அது யாரும் கவனிக்காத சின்னக் கோளாறு. எழில்மொழியின் பெயர் ஒருவர் காதிலும் விழுந்திருக்காது.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். காலியா இருந்தா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். டாக்டர் எழுதினதைப் போடுங்க" என்றேன்.

ஊசி போட்ட சற்று நேரத்தில் அவளுக்கு மூச்சு நின்றது.

எழில்மொழி என் மேஜை எதிரே வந்து நின்றாள். "சார், நான் எதையும் அழிக்கலை. நீங்களாவது சொல்லுங்க."

"லாக்ல உன் பேரு இருக்கேம்மா."

அவள் அழவில்லை. என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே அவளுக்குப் புரிந்திருக்கும். உங்களிடமும் சொல்லியிருப்பாள். நீங்கள் நம்பவில்லை, என்னை நம்பினீர்கள். அதற்கும் நான்தான் பொறுப்பா?

சிஸ்டரிடம் தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். சாமிதுரையை நினைத்தால் பரிதாபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொலை என்று எழுதும் முன் என் ஸ்கிரிப்டை விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். அதில் ஒரு பிழைகூட இருக்காது.