குளிரறையில் கதாநாயகன்

டென்மார்க்கின் வைலே நிலையத்தில் ஏறிய எனக்கு, ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது முறை இருக்கை மாறியபோது பின்னாலிருந்து தமிழ் கேட்டது.

“நேற்று அவனைக் கடத்திப்போட்டன்.”

“ஆரையடி?”

“கதையிலை வாற ஹீரோவை. வேறை என்ன செய்ய? புத்தகம் முடிஞ்சுபோச்சு, கிழவர் விடுறார் இல்லை.”

ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. தமிழ்க் காதல் நாவலை டேனிஷில் சொன்னால்தான் அந்தக் கிழவர் குளிக்கச் சம்மதிப்பாராம். இல்லாவிட்டால் கதவைப் பிடித்துக்கொண்டு “நை, நை”, அதாவது முடியாது, முடியாது தானாம். நாளையிலிருந்து அவர் மற்றவளின் பொறுப்பு.

“நான் உந்தப் புத்தகங்கள் வாசிக்கிறேல்லை, சுமதி. தண்ணி படாட்டில் மனிசன்ரை முதுகுப் புண் பெருத்துப்போகும். என்னட்டை மாட்டன் எண்டு நிண்டால்?”

“அதுக்குத்தான் சொல்லுறன், கேள். ஹீரோ மீன் தொழிற்சாலைக் குளிரறையிலை கிடக்கிறான். கையும் காலும் கட்டியிருக்கு.”

“ஆர் காப்பாத்துறது?”

“அதுதான் எனக்கும் தெரியேல்லை. இவ்வளவு நாளும் அவன்தானே ஹீரோயினைக் காப்பாத்தினவன்.”

ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த மற்றவள் கைப்பையின் பட்டியை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தாள். ஹோர்சன்ஸ் நிலையம் வந்து போனது.

“அவள் என்ன வேலை?”

“துணிக்கடை.”

“அதை விடு. எங்கடை வேலையெண்டு சொல்லப்போறன். ஆறடி ஆளைத் தனியத் தூக்கி இருத்தத் தெரிஞ்சவள். கதவை உடைச்சு, அவனைத் தோளிலை போட்டுக்கொண்டு வரட்டும்.”

“கிழவர் நம்பமாட்டார்.”

“நம்புவார். அவரைத் தூக்கித் தண்ணியிலை விடேக்கைதானே சொல்லப்போறன்.”