அன்ரனி பேரிலை ஒரு சிலுவை

அழாதேங்கோ குகனேஸ்வரியக்கா. இப்பிடிக் கதிரையிலை இருங்கோ. மெக்சிக்கோவிலை அன்ரனி செத்துப்போனாரெண்டு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன் பலெர்மோ முழுக்கச் சொல்லிப்போட்டான். காலமையிலையிருந்து சனம் வந்து என்னைக் கட்டிப்பிடிக்குது, நான் தேத்தண்ணி ஊத்துறன். பெட்டைக்கு விசரெண்டு கதைச்சிருப்பினம்.

சீனி கூடத்தான். குடியுங்கோ.

ஜன்னலோ? நான்தான் சாத்தினனான். கீழை மீன்காரன்ரை சத்தம், மொனிகா எழும்பீடுவாள். தொண்ணூற்றாறிலை தகப்பன் வெளிக்கிடேக்கை தவண்டவள், இப்ப நடக்கிறாள்.

உங்கடை மகன் கீர்த்திகனைப் பள்ளிக்கூடத்தாலை அற்புதமலரக்கா கூட்டிவருவா, நான் சொல்லிவிட்டனான். உங்கடை பின்னேர வேலையையும் யோசியாதேங்கோ. லிபெர்த்தா றோட்டிலை நீங்கள் வேலை செய்யிற வீட்டு இத்தாலிக்காரச் சின்யோராவுக்கு ரெலிபோன் எடுத்து, இண்டைக்கு வரமாட்டாவெண்டு சொல்லிப்போட்டன்.

ஏனோ? பொறுங்கோவன்.

அந்த மெக்சிக்கோ ஊரைப்பற்றி, அன்ரனியோடை போன உங்கடை மனுசன் மகேந்திரராசாவண்ணை உங்களுக்கு ஏதும் சொன்னவரே? அவர் கதைக்கிறதே குறைவு. சின்ன ஊராம். சோளமும் மிளகாயுந்தான். நடுவிலை பழைய கோயில், ஸ்பானியப் பாதிரிச் சாமிமார் அங்கத்தைச் சனத்தை வேதத்துக்குச் சேர்க்கவெண்டு அந்தக் காலத்திலை கட்டினது. மன்னார்க் கோட்டை மாதிரிச் சுவராம். அதைச் சுத்தித்தான் ஊரே வந்தது. பிறந்தாலும் செத்தாலும் அந்த மணிதான் அடிக்கோணும். புதைக்கிறதெண்டாலும் கோயில் சேமக்காலைதான், வேறை சுடலையில்லை.

ரெண்டு பேரையும் அமெரிக்காவுக்கு விடுறனெண்டு கொண்டுபோனவன், பாஸ்போட்டையும் பறிச்சுக்கொண்டு மிளகாய்த் தோட்டத்திலை வேலைக்கு விட்டிட்டான். வாய்க்கால் தண்ணியைக் குடிச்சு ஒராளுக்கு வயித்தாலை போய், காய்ச்சலும் சேர்ந்ததாம். டொக்டரிட்டைக் கொண்டுபோனால் பொலிசு வருமெண்டு விடேல்லை.

செத்த பிறகு ஊர்ப் பொம்பிளையள் சோளரொட்டியும் கொண்டுவந்து, விடியுமட்டும் இருந்து செபஞ் சொன்னவையாம். ஆரெண்டே தெரியாத ஆளுக்கு.

எனக்கு எப்பிடித் தெரியுமோ? காலமை நான் வேலை செய்யிற வீட்டு ரெலிபோனுக்கு அன்ரனிதான் எடுத்தவர்.

ஓம், என்ரை அன்ரனி. உயிரோடைதான் இருக்கிறார்.

சிரிக்காதேங்கோ அக்கா. கும்பிடவும் வேண்டாம். இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல் சொல்லோணுமெண்டு வைச்சிருந்தனான்.

வேதக்காரரில்லையெண்டால் சேமக்காலையிலை இடம் தராயினமெண்டு இவர் தானாவே நினைச்சுப்போட்டார். சாமி அப்பிடி ஒண்டும் கேக்கேல்லையாம். வெளிக்கிடேக்கை நான் போட்டுவிட்ட செபமாலையைக் கழட்டி, செத்துப்போனவரின்ரை கழுத்திலை போட்டு, என்ன பேரெண்டு சாமி கேக்கத் தன்ரை பேரைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் ஏஜென்சிக்காரன் இஞ்சை வந்து சொன்னவன்.

கோப்பையை இஞ்சாலை தாங்கோ அக்கா.

அந்தச் சிலுவையிலை கிடக்கிற பேர் மட்டுந்தான் என்ரை மனுசன்ரை.