டிரைவரின் பங்கு

எங்கள் தீவுக்கு விஸ்கி ஆலைகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில், வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் ஒரு குட்டி பாட்டில் கொடுத்தனுப்புவார்கள். மற்றவர்கள் அங்கேயே ருசி பார்த்துவிடுவார்கள். டிரைவர் பாவம், வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு மரியாதை. உங்களுக்குத் தெரியாததா சார்ஜன்ட்? நீங்கள் எழுதிக்கொள்கிறீர்களே என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வழிகாட்டி. என் கணவன் டூகல் டிரைவர். காலையில் இரண்டு ஆலை, மத்தியானம் சூப், அப்புறம் கடல்முனையில் இருக்கும் இடிந்த கோட்டை. நான் வாயால் பிழைத்தேன், அவன் வாயைத் திறக்காமல் பிழைத்தான். அவன் குடியை விட்டிருந்தான். அது ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்தக் குட்டி பாட்டிலை வேண்டாம் என்று சொல்வது இங்கே முகத்தில் அடித்த மாதிரி. ஆலைக் கடையில் நிற்கும் கிர்ஸ்டி வேறு சும்மா விடமாட்டாள்.

"என்ன டூகல், கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்படறே? புடி. அலமாரியில வெச்சு அழகு பாரு."

அவன் சிரித்துக்கொண்டே வாங்கி என் மடியில் போடுவான். கொட்டிவிடு என்பான். நான் கொட்டவில்லை. நல்ல சரக்கு, மனசு வரவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

குடித்த காலத்திலும் அவன் என்மேல் கை வைத்ததில்லை. தள்ளாடிக்கொண்டு வந்து என் மடியில் தலையை வைத்து, நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன் மார்சலி என்று அழுவான். நான் வாந்தியைத் துடைத்தேன், பூட்ஸைக் கழற்றிவிட்டேன், முதலாளிகளிடம் அவனுக்காகப் பொய் சொன்னேன். குடியை விட்ட பிறகு பூட்ஸை அவனே கழற்றிக்கொண்டான். தேநீர் கொடுத்தால் நன்றி என்றான். கட்டிய பெண்டாட்டிக்கு நன்றி. அது எனக்கு எப்படி வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பயணிகள் வரத்து நின்ற அக்டோபரில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில் சொன்னான்.

"கிளாஸ்கோவுல பஸ் ஓட்டற வேலை கெடச்சிருக்கு. நான் மட்டும் போறேன்."

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீ ஒண்ணுமே பண்ணல. போதை தெளிஞ்சு பாத்தா, நாம ஒரே வீட்ல ரெண்டு விருந்தாளி மாதிரி இருக்கோம், அவ்ளோதான்."

அந்த வாரமே அவனுக்குக் காய்ச்சல். வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து கேட்டான். காய்ச்சல்காரனுக்கு அதில் விஸ்கி ஊற்றிக் கொடுப்பதை இந்தத் தீவில் யாரும் குடி என்று சொல்வதில்லை. உங்கள் அம்மாவும் உங்களுக்குக் கொடுத்திருப்பார். நானும் ஊற்றினேன். ஒளித்து ஒன்றும் செய்யவில்லை, எங்கள் விஸ்கியை ஒளிக்கவும் முடியாது. கரிமண் புகையில் உலர்த்திய தானியத்தில் காய்ச்சுவது, அந்தப் புகை வாசனை வாசல்வரை அடிக்கும். அவன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனான். என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மருந்துதான்," என்றேன்.

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. குடித்தான். அப்புறம் இன்னொன்று கேட்டான்.

கிளாஸ்கோ வேலை கைவிட்டுப் போனது. அந்தக் குளிர்காலம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அலமாரியில் பாட்டில்கள் நிறையவே சேர்ந்திருந்தன. பழையபடி என் மடியில் படுத்து அழுதான், பழையபடி என் பேரைச் சொன்னான். இளைத்துப்போனான், அது உண்மை. ஆனால் என்னை விட்டு ஓர் அறை தள்ளிக்கூட இருக்கமாட்டான்.

போன வாரம்தான் திடீரென்று முகம் மழித்துக்கொண்டு, பெட்டியும் கையுமாக நின்றான். கிளாஸ்கோவில் குடியை நிறுத்தும் மருத்துவமனை ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறதாம், மறுநாள் காலைப் படகில் போகிறானாம். குணமாகித் திரும்பி வருவாயா என்று கேட்டேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

கடைசியாக ஒருமுறை கோட்டைக்குப் போய்வரலாம் என்றேன். அங்கேதான் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான், இருபது வயதில். அதனால் மறுக்கவில்லை. கூரையில்லாத அந்த அறையில், கணப்பு இருந்த சுவரோரமாக உட்கார்ந்தோம். நான் பையைத் திறந்தேன்.

"வேணாம் மார்சலி. காலைல படகு."

"இன்னைக்கு டிரைவர் நான். உனக்கென்ன வந்துது?"

அதற்குச் சிரித்தான் பாருங்கள். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் செய்வேன். முதல் பாட்டிலை நானே திறந்து அவன் கையில் வைத்தேன். அடுத்ததை அவன் திறந்தான். இருட்டுவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். தூறல் விழுந்துகொண்டிருந்தது, காற்று பனியாகக் குத்தியது. நான் போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றிப் போர்த்தலாமா என்று யோசித்தேன். போர்த்தினால் நன்றாகத் தூங்கிவிடுவான், குளிரெடுத்தால்தான் என்னைக் கூப்பிடுவான். காலிப் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டேன். பயணிகளுக்கு நான் தினமும் சொல்வது அது, குப்பை போடாதீர்கள் என்று.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. படகைத் தவறவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன், சூப்பைச் சுடவைத்தேன், டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோட்டையில் சிக்னல் நன்றாகவே கிடைக்கும், பயணிகள் வீட்டுக்குப் படம் அனுப்புவதே அங்கிருந்துதான். கண் விழித்ததும், மார்சலி, வந்து கூட்டிக்கொண்டு போ என்று கூப்பிடுவான். நான் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு வருவேன். அவன் கூப்பிடவேயில்லை சார்ஜன்ட். விடிந்து படகின் சங்கொலி கேட்டபோது, போகவில்லை, என்னோடுதான் இருக்கிறான் என்று நான் நிம்மதியாக அழுதேன்.

அவனுடைய போன் எங்கே என்று கேட்கிறீர்கள். என் கோட்டுப் பையில் இருந்தது. நனைந்துவிடக் கூடாதே என்று, கிளம்பும்போது அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஆஃப் செய்து வைத்துக்கொண்டேன்.